விளக்கணைத்துப் பறப்பவர்கள்: இருட்டுக்கு யார் கணக்கு வைப்பது?

2025 ஜனவரி 29ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்னர், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் தரையிறங்க வந்துகொண்டிருந்த பயணிகள் விமானமும் அமெரிக்கத் தரைப்படையின் பிளாக் ஹோக் ஹெலிகொப்டரும் பொட்டோமாக் ஆற்றின் மேலே மோதிக்கொண்டன. விமானத்தில் 64 பேர், ஹெலிகொப்டரில் 3 பேர். மொத்தம் 67 பேரில் ஒருவரும் தப்பவில்லை.

அந்த ஹெலிகொப்டர் போருக்குப் போகவில்லை. பயிற்சிக்காகப் பறந்துகொண்டிருந்தது. எதிரே வரும் விமானத்தைப் பார்க்கிறீர்களா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேட்டபோது, பார்க்கிறோம், நாங்களே விலகிக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இரண்டாவது பதில் வந்து சில விநாடிகளில் மோதல் நடந்துவிட்டது. அவர்கள் பார்த்தது எந்த விளக்கை? அந்த இரவில் தரையிறங்க வரிசையில் வந்த வேறு விமானங்களின் விளக்குகளும் வானில் இருந்தன. கீழே நகரத்தின் ஆயிரமாயிரம் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அமெரிக்க தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஒரு வருடம் விசாரித்து, 2026 ஜனவரியில் தன் முடிவை வெளியிட்டது. ஹெலிகொப்டர் பாதையை விமானங்கள் இறங்கும் பாதைக்கு இவ்வளவு அருகில் வைத்திருந்ததும், அதை ஒழுங்காக மீளாய்வு செய்யாததும், கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளட்டும் என்ற முறையில் அளவுக்கு மீறித் தங்கியிருந்ததும் முக்கிய காரணங்களாகச் சொல்லப்பட்டன. இந்தச் செய்தியை எமது ஊடகங்கள் பெரும்பாலும் ஒரு நாள் செய்தியாகவே கடந்துபோயின. ஆனால் இதற்குள், நாம் நின்று பார்க்கவேண்டிய ஒரு பொதுக் கேள்வி இருக்கிறது. இராணுவம் இருட்டில் பறக்கப் பழகவேண்டும் என்பது சரி. அந்த இருட்டின் செலவை யார் தாங்குகிறார்கள்? அதை யார் எழுதி வைக்கிறார்கள்?

விளக்குகள் என்ன சொல்கின்றன?

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். எந்த விமானமும் இரவில் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கும், வலது இறக்கை நுனியில் பச்சை விளக்கும், வாலில் வெள்ளை விளக்கும் ஏற்றியிருக்கும். இது கப்பல்களிலிருந்து வந்த வழக்கம். சிவப்பும் பச்சையும் பக்கத்துக்கு 110 பாகை வரைக்கும், வெள்ளை பின்புறம் 140 பாகைக்கும் தெரியும். மூன்றையும் கூட்டினால் 360 பாகை, ஒரு முழு வட்டம். ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏதோ ஒரு நிறம் தெரியும். அந்த நிறமே விமானம் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சொல்லிவிடும். உங்களுக்குச் சிவப்பு மட்டும் தெரிந்தால் அது உங்கள் வலமிருந்து இடமாகப் போகிறது. சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால் அது நேரே உங்களை நோக்கி வருகிறது. இவற்றோடு, தூரத்திலிருந்தே கவனத்தை இழுக்கும் மின்னி மின்னி எரியும் மோதல் தவிர்ப்பு விளக்கும் உண்டு.

இராணுவ விமானங்களில் இவை எல்லாம் உண்டு. கூடவே வேறு இரண்டு வகையும் உண்டு. ஒன்று, விமானத்தின் உடலிலும் வாலிலும் ஒட்டப்பட்ட பட்டி போன்ற மங்கலான பச்சை விளக்குகள். விமானிகள் பேச்சில் இவை 'ஸ்லைம் லைட்'. பல விமானங்கள் அணியாகப் பறக்கும்போது, பக்கத்து விமானத்தின் தூரத்தையும் சாய்வையும் கணிக்க இவை உதவுகின்றன. புள்ளியாகத் தெரியும் ஒரு விளக்கை வைத்துத் தூரத்தைக் கணிக்க முடியாது. நீளமான பட்டி என்றால், அது நீளுவதையும் குறுகுவதையும் சரிவதையும் கண் பிடித்துக்கொள்ளும். மற்றது, வெறும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள். இரவுப்பார்வைக் கண்ணாடி அணிந்தவருக்கு மட்டுமே அவை தெரியும். தரையில் நிற்கும் எதிரிக்குத் தெரியாது. பக்கத்தில் பறக்கும் சாதாரண விமானிக்கும் தெரியாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

அணியாகப் பறப்பதில் விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருக்கவேண்டும் என்பது சிக்கலான விடயம். முன்னே போகும் விமானம் விளக்கைக் கூட்டினால் பின்னால் வருபவரின் கண் கூசும். குறைத்தால் அவர் முன்னவரைத் தொலைத்துவிடுவார். அதனால் முன்னுள்ளவை மின்னும் விளக்கை அணைத்துக்கொள்ள, வரிசையின் கடைசி விமானம் மட்டும் அதை எரியவிடுவது பரவலான வழக்கம். கட்டுப்பாட்டுக் கோபுரமும் நெருக்கமான அணியை ஒரே விமானம் போலவே கையாளும். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் மோதாமல் பார்த்துக்கொள்வது அணித் தலைவரின் பொறுப்பு.

இரவுப்பார்வைக் கண்ணாடி இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பதுண்டு. அது சிறு வெளிச்சத்தைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் என்பது உண்மை. ஆனால் மனிதக் கண் பக்கவாட்டில் ஏறத்தாழ 200 பாகை பார்க்கும் இடத்தில், இந்தக் கண்ணாடி வழமையாக 40 பாகையே காட்டும். ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போன்றது. ஆழம் சரியாகத் தெரியாது. நிறங்கள் தெரியாததால் சிவப்பும் பச்சையும் சொல்லும் செய்தி அங்கே அழிந்துபோகிறது. நகர விளக்குகளுக்கு மேலே பறக்கும்போது ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒளிவட்டம் வீங்கிக் காட்சியை மறைக்கும். இருண்ட பாலைவனத்துக்குப் பொருத்தமான கருவி, ஒளிமயமான தலைநகரத்துக்கு அதே அளவில் பொருந்தாது. வாஷிங்டன் ஹெலிகொப்டரின் குழுவினர் இந்தக் கண்ணாடிகளை அணிந்திருந்திருக்கக்கூடும் என்று ஆரம்ப அறிக்கை சொன்னது.

இன்னொரு உண்மையும் உண்டு. இரண்டு விமானங்கள் மோதும் பாதையில் இருந்தால், ஒன்றின் கண்ணுக்கு மற்றதன் விளக்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். அசையும் விளக்கால் ஆபத்தில்லை. அசையாத விளக்குத்தான் ஆபத்து. அசையாத விளக்கோ கீழே இருக்கும் தெரு விளக்கைப் போலவே தோன்றும். பார்த்து விலகு என்ற விதி, இரவில் மிகப் பலவீனமான இடத்தில் நிற்பது இதனால்தான்.

ஜப்பானின் தெற்குக் கடலில் நடந்தது

விளக்கு ஒன்றின் பிரகாசம் எப்படி உயிரை எடுக்கும் என்பதற்கு, 2018 டிசெம்பர் 6ஆம் திகதி அதிகாலை ஜப்பானின் தெற்குக் கடலுக்கு மேலே நடந்த மோதலைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அமெரிக்க மரைன் படையின் இரண்டு எஃப்/ஏ-18 போர் விமானங்கள், கேசி-130 எரிபொருள் விமானம் ஒன்றிடமிருந்து வானத்திலேயே எரிபொருள் நிரப்பும் பயிற்சியில் இருந்தன. நிரப்பி முடித்துப் பிரியும்போது ஒரு போர் விமானம் எரிபொருள் விமானத்தின் மீது மோதியது. எரிபொருள் விமானத்தில் இருந்த 5 பேரும், போர் விமானத்தின் விமானியும் இறந்தார்கள். போர் விமானத்தின் பின்னிருக்கையில் இருந்தவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார்.

2019இல் வெளிவந்த முதல் விசாரணை அறிக்கை, அந்தப் படைப்பிரிவின் ஒழுக்கக் குறைவையும் தலைமையின் கவனயீனத்தையும் முன்னே வைத்தது. படைப்பிரிவின் தலைவர் உட்பட அதிகாரிகள் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள். விமர்சனங்கள் எழுந்த பின்னர் மரைன் படையே மறுபடி ஆராய்ந்தது. 2020இல் வெளியான அந்த மீளாய்வு, முதல் அறிக்கையில் பிழையான தகவல்கள் இருந்ததை ஒப்புக்கொண்டது. அதன்பின் மோதலுக்கான காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியது.

அணித் தலைவர், வழமைக்கு மாறான முறையில் பிரிந்து செல்ல அனுமதி கேட்டுப் பெற்றார். வழமைப்படி என்றால் இரு போர் விமானங்களும் எரிபொருள் விமானத்தின் வலப்பக்கத்தில் நின்றிருக்கும். இப்போது ஒன்று இடப்பக்கத்துக்குப் போய்விட்டது. அடுத்தது விளக்கு. அணித் தலைவர் தன் போர் விமானத்தின் வெளி விளக்குகளைப் பிரகாசமாக, எல்லோருக்கும் தெரியும்படி எரியவிட்டார். எரிபொருள் விமானமோ மங்கலான மறைவு விளக்கில் இருந்தது. இது விதிப்படி அனுமதிக்கப்பட்ட ஒழுங்குதான், ஆனால் உகந்த ஒழுங்கு அல்ல என்றது மீளாய்வு. மூன்றாவது, இந்த இரண்டும் சேர்ந்ததால், மற்றப் போர் விமானத்தின் விமானியின் கண் மங்கல் விளக்கில் இருந்த எரிபொருள் விமானத்தை விட்டுப் பிரகாசமான தலைவரின் விமானத்தின் மீது பதிந்தது. நான்காவது, அடுக்கடுக்காகச் சேர்ந்த இந்தச் சிக்கலிலிருந்து அந்த இளைஞரால் மீள முடியவில்லை. எரிபொருள் விமானத்தைப் பார்வையிலிருந்து தவறவிட்டு, அதன் மீதே போய்ச் சேர்ந்தார்.

முதல் அறிக்கையையும் இரண்டாவது அறிக்கையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் குற்றவாளிகள் மனிதர்கள். மற்றதில் குற்றம் ஓர் ஒழுங்கமைப்பில் இருக்கிறது. இடம், விளக்கு, பார்வை, அனுபவம் ஆகிய நான்கும் சேர்ந்து ஆறு பேரைக் கொன்றன. இறந்தவரின் பெயரில் கணக்கை முடித்து மூடுவது எந்த நிறுவனத்துக்கும் இலகு. ஏனென்றால் இறந்தவர் வந்து மறுத்துப் பேசமாட்டார். அந்தக் கணக்கை மறுபடி திறந்ததுதான் இங்கே பெரிய விடயம்.

இந்தக் கதைக்கு ஒரு முன்கதையும் இருக்கிறது. 2016 ஏப்ரலில், ஒக்கினாவாவுக்கு அருகே, இதே வகை எரிபொருள் விமானமும் இதே வகைப் போர் விமானமும் எரிபொருள் நிரப்பும்போது மோதிக்கொண்டன. அந்தத் தடவை இரண்டும் பத்திரமாகத் தரையிறங்கின. 2018க்குப் பின்னர் நடந்தது போன்ற கட்டளைநிலை விசாரணை ஒன்று அப்போது நடத்தப்படவில்லை.

உயிர் போகாத முதல் தடவை

கணக்கு எழுதிப் பிழைக்கும் எம் போன்றவர்களுக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. வணிகத்தில் 'நிகழத்தக்க பொறுப்பு' என்று ஒன்று உண்டு. இன்னும் பணம் போகவில்லை, போகக்கூடும். அதை ஐந்தொகையின் குறிப்பிலாவது காட்டவேண்டும் என்பது விதி. இன்னும் போகவில்லைத்தானே என்று மறைத்தால், கணக்காய்வாளர் கேள்வி கேட்பார். இராணுவப் பறப்பில் மயிரிழையில் தப்பிய சம்பவம் ஒவ்வொன்றும் அப்படியான ஒரு பொறுப்புத்தான். உயிர் போகவில்லை என்பதற்காக அது கணக்கில் ஏறாமல் விடப்படுகிறது. போனபிறகுதான் பேரேட்டைத் திறக்கிறார்கள்.

இது அமெரிக்காவில் மட்டும் உள்ள நோய் அல்ல. 2024 ஏப்ரல் 20ஆம் திகதி இரவு, ஜப்பானின் தொரிஷிமா தீவுக்கு அருகே நீர்மூழ்கிகளைத் தேடும் பயிற்சியில் இருந்த ஜப்பானியக் கடற்படையின் இரண்டு ஹெலிகொப்டர்கள் மோதிக் கடலில் விழுந்தன. 8 பேரும் இறந்தார்கள். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், 2021 ஜூலையில், அமாமி ஓஷிமாவுக்கு அருகே அதே கடற்படையின் இரண்டு ஹெலிகொப்டர்கள் இரவுப் பயிற்சியில் உரசிக்கொண்டு உயிரிழப்பின்றித் தப்பியிருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட ஹெலிகொப்டர்கள் ஒரே இடத்தில் பறந்தால் உயரத்தைப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்ற பாடம் அப்போதே படிக்கப்பட்டது. 2024இல் அந்த உயரப் பிரிப்பு ஒழுங்காகக் கொடுக்கப்படவில்லை.

2023 மார்ச் 29ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் தரைப்படையின் இரண்டு மருத்துவ ஹெலிகொப்டர்கள் பயிற்சியில் மோதி 9 பேர் இறந்தார்கள். அவுஸ்திரேலியாவில் வாழும் எம்மவர்களுக்கு 1996 ஜூன் 12ஆம் திகதி நினைவில் இருக்கலாம். டவுன்ஸ்வில்லுக்கு அருகே இரவுப்பார்வைக் கண்ணாடிகளோடு அணியாகப் பறந்த பிளாக் ஹோக்குகளில் இரண்டு மோதி, 18 படையினர் இறந்தார்கள். அந்த நாட்டின் அமைதிக்கால இராணுவ வரலாற்றில் மிக மோசமான விபத்துகளில் ஒன்று அது. 27 வருடங்களின் பின், 2023 ஜூலை 28ஆம் திகதி, குயின்ஸ்லாந்தின் விட்சண்டே தீவுகளுக்கு அருகே, இரவில் கடலுக்கு மேலே அணியாகப் பறந்த ஹெலிகொப்டர்களில் ஒன்று கடலில் விழுந்து 4 பேர் இறந்தார்கள். இவற்றுள் ஒன்றுகூடப் போர்க்களத்தில் நடந்ததல்ல.

மீண்டும் வாஷிங்டனுக்கு வருவோம். அங்கேதான் மறைந்திருந்த கணக்கு எண்ணாகவே வெளிவந்தது. 2021 ஒக்டோபர் முதல் 2024 டிசெம்பர் வரையான தரவைப் பாதுகாப்புச் சபை எடுத்துப் பார்த்தது. ரீகன் நிலையத்தில் அந்தக் காலத்தில் 944,179 வர்த்தக விமானப் பறப்புகள் நடந்தன. அவற்றில் ஹெலிகொப்டர் ஒன்றுக்கும் வர்த்தக விமானம் ஒன்றுக்கும் இடையே கிடைத்தூரம் ஒரு கடல் மைலுக்கும், உயர வித்தியாசம் 400 அடிக்கும் குறைவாக இருந்த சந்தர்ப்பங்கள் 15,214. அதிலும் 85 தடவை, கிடைத்தூரம் 1,500 அடிக்கும், உயர வித்தியாசம் 200 அடிக்கும் குறைவு. 39 மாதங்களுக்கு இதைப் பிரித்தால், முதலாவது எண் நாளொன்றுக்கு ஏறத்தாழ 13. இரண்டாவது எண் மாதமொன்றுக்கு இரண்டுக்கும் மேல். இந்தத் தரவை விபத்துக்குப் பிறகு யாரும் தோண்டி எடுத்து உருவாக்கவில்லை. அது ஏற்கனவே சேகரிக்கப்பட்டு அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. கூட்டிப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

பாதையின் வரைபடமும் அப்படித்தான். ஹெலிகொப்டர் பறக்கக்கூடிய உச்ச உயரம் அந்த இடத்தில் 200 அடி. குறிப்பிட்ட ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்துக்கும் அந்த உயரத்தில் போகும் ஹெலிகொப்டருக்கும் இடையே மிஞ்சும் இடைவெளி 75 அடி வரை சுருங்கக்கூடும். 75 அடி என்றால் 23 மீற்றர். அன்றிரவு ஹெலிகொப்டர் மோதிய உயரம் 278 அடி. அதன் உயரமானிகள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டியிருக்கக்கூடும் என்பதும் பின்னர் ஒரே வகை ஹெலிகொப்டர்களில் நடந்த சோதனைகளில் தெரியவந்தது. விதிக்குள் நின்றாலே 23 மீற்றர்தான் மிஞ்சும் என்றால், விதியை எழுதியவர் கருவியும் மனிதனும் ஒருநாளும் பிழைவிடாது என்று எண்ணி எழுதியிருக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விளக்கும் அணைந்திருந்தது. விமானம் தான் எங்கே இருக்கிறது என்பதைத் தானே விநாடிக்கு விநாடி அறிவிக்கும் ஏடிஎஸ்-பி என்ற கருவி 2020 முதல் அமெரிக்காவின் பெரும்பாலான நெரிசல் வான்பரப்பில் கட்டாயம். ஆனால் தேசியப் பாதுகாப்புத் தொடர்பான பறப்புகளுக்கு அதை அணைக்கலாம் என்று 2019இல் விதிவிலக்குக் கொடுக்கப்பட்டது. அன்றிரவு ஹெலிகொப்டர் அந்த அறிவிப்பை அனுப்பவில்லை. ராடார் அதைக் கண்டது என்பதையும் சொல்லவேண்டும், ஆகவே அந்த ஒரு கருவி மட்டும் 67 பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று நாம் சொல்லவரவில்லை. அவசரத்துக்கென்று கொடுத்த விதிவிலக்கு நாளாந்தப் பயிற்சிக்கும் பழக்கமாகிவிட்டது என்பதையே சொல்கிறோம். எந்த அலுவலகத்திலும் சில்லறைச் செலவுக்கென்று ஒதுக்கிய பெட்டி, மேலே ஒருவர் பார்க்காவிட்டால், ஒரு வருடத்தில் பொதுப் பெட்டியாகிவிடும்.

இருட்டு எமக்குத் தெரியும்

இராணுவம் ஏன் விளக்கை அணைக்கிறது என்பதை எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கின் திரியை உள்ளே இழுத்து ஊதி அணைத்துவிட்டு, வருவது பொம்மரா, சகடையா என்று சத்தத்தை மட்டும் வைத்துக் கணித்தவர்கள் நாம். மேலே விளக்கில்லாமல் அவர்கள் வந்தார்கள், கீழே விளக்கில்லாமல் நாம் பதுங்குகுழிக்குள் இறங்கினோம். 2007 ஏப்ரலில் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்த இரவில் புலிகளின் விமானங்கள் வந்தபோது கொழும்பு நகரமும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு இருட்டில் நின்றது. அங்கேயும் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தாய்மார் இருந்திருப்பார்கள். போரில் இருட்டு ஓர் ஆயுதம். எதிரியின் குறியிலிருந்து தப்ப விமானி விளக்கை அணைக்கிறார். அந்த நியாயத்தை நாம் மறுக்கவில்லை. அப்படிப் பறக்கவேண்டிய நாள் வந்தால், அதற்கு முன்னரே பழகியிருக்கவேண்டும் என்பதையும் மறுக்கவில்லை.

ஆனால் எதிரி இல்லாத வானத்தில் இருட்டு வேறொன்றாகிவிடுகிறது. அங்கே அது ஆபத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிவிடும் ஒரு வழி. விளக்கை அணைப்பதால் கிடைக்கும் பயிற்சியின் பலன் இராணுவத்துக்கு. அதன் ஆபத்தில் ஒரு பங்கு, கட்டளையிட்டவருக்கு அல்ல, கட்டளைப்படி பறக்கும் இருபது, முப்பது வயதுப் பிள்ளைகளுக்கு. இன்னொரு பங்கு, அந்த வானத்தைப் பகிர்ந்துகொள்ளும், இது பற்றி எதுவும் அறியாத பயணிகளுக்கு. வரவு ஒருவர் பெயரிலும் செலவு இன்னொருவர் பெயரிலும் விழும் கணக்கில், செலவைக் குறைக்க யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

2025 டிசெம்பரில் அமெரிக்க அரசாங்கம், இறந்தவர்களின் குடும்பத்தினர் தொடுத்த வழக்கில், தனக்கிருந்த கவனக் கடமையை மீறியதாக நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்டது. அதே மாதத்தில் அமெரிக்க செனட் சபை, இராணுவ விமானங்களுக்கான ஏடிஎஸ்-பி விதிவிலக்கை இறுக்கும் சட்டவரைவை நிறைவேற்றியது. இரண்டும் தானாக நடக்கவில்லை. மாதக்கணக்காக விசாரணைகளில் படங்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்த குடும்பங்களால் நடந்தன. இறந்தவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருப்பது என்னவென்று எமக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு வருடத்தில் பொது மேசையில் வைக்கப்பட்ட பதில் கிடைத்தது என்பதைப் பொறாமையோடு அல்ல, ஒரு அளவுகோலாகக் குறித்துக்கொள்ளவேண்டும். செய்யமுடியும் என்பதற்கு அது சாட்சி.

என்ன கேட்கவேண்டும்?

இராணுவத்தின் மறுவாதமும் கேட்கப்படவேண்டியதே. இருப்பிடத்தை அறிவித்துக்கொண்டு பறந்தால், வீட்டிலிருக்கும் எவரும் கைபேசியில் படை நகர்வைப் பின்தொடரலாம் என்கிறார்கள். அது உண்மை. ஆகவே கேள்வி, விளக்கை எப்போதும் எரியவிடு என்பதல்ல. கேட்கவேண்டியவை மூன்று.

முதலாவது, எங்கே அணைக்கலாம் என்பது. விளக்கணைத்த பயிற்சி, பொதுமக்களின் விமானங்கள் வராத ஒதுக்கப்பட்ட வான்பரப்புக்குள் மட்டும் நடக்கவேண்டும். நெரிசலான நகர வானத்தில் விதிவிலக்கு வேண்டுமென்றால், ஒவ்வொரு தடவையும் ஒருவர் கையெழுத்திட்டுக் காரணம் எழுதவேண்டும். காரணம் எழுதவேண்டிவந்தால் விதிவிலக்குகள் தாமாகக் குறையும். உள்ளகக் கணக்காய்வு செய்த எவருக்கும் இது தெரியும்.

இரண்டாவது, தப்பிய சம்பவங்களை வெளியார் ஒருவர் கூட்டிப் பார்ப்பது. பிரித்தானியாவில் இதற்கென 'ஏர்ப்ரொக்ஸ்' சபை ஒன்று இருக்கிறது. பொதுமக்களின் விமானமாக இருந்தாலும் இராணுவ விமானமாக இருந்தாலும், இரண்டு விமானங்கள் ஆபத்தாக நெருங்கிய ஒவ்வொரு முறைப்பாட்டையும் அது ஆராய்ந்து, எவரும் வாசிக்கக்கூடியதாக அறிக்கை வெளியிடுகிறது. யாரையும் தண்டிப்பது அதன் வேலை அல்ல. எண்ணுவதும் விளக்குவதும்தான் வேலை. ரீகன் நிலையத்தின் 15,214ஐ இப்படி ஒரு மேசை மாதந்தோறும் பார்த்திருந்தால், 85 என்ற எண் வளரும்போதே யாராவது கையை உயர்த்தியிருப்பார்கள்.

மூன்றாவது, விசாரணை செய்பவர் கட்டளைச் சங்கிலிக்கு வெளியே இருப்பது. 2018 ஜப்பான் மோதலில் முதல் அறிக்கைக்கும் மீளாய்வுக்கும் இடையே இருந்த தூரம் இதற்கு உதாரணம். தன் கணக்கைத் தானே தணிக்கை செய்பவர் நேர்மையானவராக இருந்தாலும், அவருடைய கண் தன் மேசையைவிட்டு மேலே போகாது.

இவை எமக்கு ஏன் என்று ஒருவர் கேட்கலாம். லண்டனின் சவுத் ஹரோவிலும் நோர்தோல்ட்டிலும் வாழும் எமது குடும்பங்களின் கூரைக்கு மேலேதான், ஹீத்ரோவின் விமானங்களும் நோர்தோல்ட் விமானப்படைத் தளத்தின் பறப்புகளும் ஒரே வானத்தைப் பங்கிடுகின்றன. சிட்னியின் மேற்குப் புறநகர்களுக்கு அருகே ரிச்மண்ட் விமானப்படைத் தளம் இருக்கிறது. எமது பிள்ளைகள் இந்த நாடுகளின் விமானிகளாகவும் பொறியியலாளர்களாகவும் வருகிறார்கள், சிலர் சீருடையும் அணிகிறார்கள். இந்த வானத்தில் எமக்கும் பங்கு உண்டு, வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம்.

விமானப் பாதைகளை மாற்றும்போது பிரித்தானியா போன்ற நாடுகளில் பொதுமக்களின் கருத்தைக் கேட்பார்கள். அந்தக் கடிதங்கள் எமது வீடுகளுக்கும் வரும். சத்தம் கூடுமா, வீட்டு விலை குறையுமா என்று மட்டும் பார்த்துவிட்டு நாம் அவற்றைக் குப்பையில் போடுகிறோம். அடுத்த தடவை வந்தால் இன்னும் இரண்டு கேள்விகளை எழுதி அனுப்புவோம். இந்தப் பாதையில் இராணுவ விமானங்களும் வருமா, வந்தால் எந்த விளக்கோடு வரும்? கடந்த மூன்று வருடங்களில் இங்கே எத்தனை தடவை மயிரிழையில் தப்பினார்கள், அந்த எண்ணை யார் பார்க்கிறார்கள்? பதில் வராவிட்டால், எமது நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு அதே கடிதத்தின் பிரதியை அனுப்புவோம். எண்ணும் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே, எழுதாமல் விட்டவர்கள் எழுதத் தொடங்குவார்கள்.